குழுவில் சாமியைக் கேலி செய்தால் நிர்வாகி என்ன செய்யலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மலேசியாவில் பழைய ரப்பர்த் தோட்டத்து மக்களுக்காக நீங்கள் நடத்தும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 480 பேர் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஓர் இளைஞர் முனியாண்டி சிலையின் கையில் பீர் டின் இருப்பதுபோல ஒரு படம் செய்து, "போலீஸ் ரோட் பிளாக்கில் ஊதச் சொன்னால் சாமி ஊதுவாரா?" என்று எழுதிப் போட்டுவிட்டார். நிறையப் பேர் சிரித்தார்கள். கிறிஸ்தவரான ஓர் அண்ணனும் சிரிப்புப் பொம்மை போட்டார். "மதம் மாறிப் போனவனுக்கு எங்கள் சாமி சிரிப்பா?" என்று ஒருவர் கேட்க, விடியும்வரை சண்டை. முன்பு பூசாரியாக இருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் போலீஸ் ரிப்போர்ட் செய்யப்போவதாகச் சொல்கிறார். படத்தை நீக்கியது சரியா, அந்த இளைஞரை வெளியேற்ற வேண்டுமா, இனிமேல் மதத்தைப் பற்றிய பேச்சே கூடாது என்று விதி போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடியில் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவர் மனம் புண்பட்டது என்கிறார், இன்னொருவர் இதில் என்ன இருக்கிறது என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட நான் எதை வைத்து அளப்பது? உண்மையில் நீங்கள் கேட்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள். எங்கள் தோட்டக் கோயிலின் மகளிர் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறேன். 2015இல் நூறு பேரோடு தொடங்கி இப்போது எழுநூறு பேரைத் தாண்டிவிட்ட எங்கள் ஊர்க் குழுவுக்கு நிர்வாகி. நீங்கள் இன்று நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அங்கே தவறும் செய்திருக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன், ரிப்போர்ட் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். நான் வழக்கறிஞர் இல்லை. அழைப்போ கடிதமோ வந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது இது: மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவு, ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட நோக்கத்தோடு பேசுவதையும் சைகை காட்டுவதையும் குற்றமாக்குகிறது. ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் போட்டவற்றுக்குப் பெரும்பாலும் எடுப்பது 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவை. முன்பு அதற்கு 50,000 ரிங்கிட்வரை அபராதம், ஓராண்டுவரை சிறை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அது 500,000 ரிங்கிட்டும் இரண்டு ஆண்டும் ஆகிவிட்டது. அந்தப் பிரிவின் சில சொற்கள் அரசியலமைப்புக்குப் பொருந்துமா என்று நீதிமன்றத்தில் வழக்கும் நடந்திருக்கிறது. நம்மைப் போன்ற நிர்வாகிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 114ஏ பிரிவு. ஒரு பதிவில் உரிமையாளர் என்றோ நிர்வாகி என்றோ உங்கள் பெயரோ படமோ இருந்தால், இல்லை என்று நிரூபிக்கும்வரை அதை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று எடுத்துக்கொள்ள அது வழிவிடுகிறது. அதனால் படத்தை எந்த நாள், எத்தனை மணிக்கு நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ரிப்போர்ட் வேறு, நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுவது வேறு. அதை நினைத்து இன்று இரவு விழித்திருக்க வேண்டாம்.

சட்டம் எவ்வளவு தூரம் போனால் ஆபத்து என்றுதான் சொல்லும். குழுவில் நாளைக்கு எல்லாரும் முகம் பார்த்துப் பேச முடியுமா என்பதை அது சொல்லாது. நமக்கு வேண்டியது அதுதானே.

உங்கள் இளைஞர் பக்கம் பேசுகிறவர்கள், நம் மதத்தில் சாமியோடு விளையாட்டு உண்டு என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், மறுக்கக்கூடாது. கல்யாணப் பந்தலில் ஓலையைக் காட்டி நீ எனக்கு அடிமை என்று வழக்காடிய கிழவரைப் பித்தன் என்று திட்டினார் சுந்தரர். வந்தவர் சிவன் என்று தெரிந்தபின் அவர் பாடிய முதல் பதிகமே பித்தா என்றுதான் தொடங்குகிறது. கருடன் மேல் ஏறிப் புறப்பட்ட பெருமாளைப் பார்த்து, இருந்த இடத்தில் சும்மா இருக்காததால் பருந்து தூக்கிக்கொண்டு போகிறது என்று பாடியவர் காளமேகம். இகழ்வதுபோலப் புகழ்வதற்கு நிந்தாஸ்துதி என்று தனிப் பெயரே வைத்திருக்கிறோம். இவ்வளவு தூரம் போவானேன், எங்கள் தோட்டத்தில் முனியாண்டிக்குப் படையல் போடும் அன்று என் அப்பா சுருட்டைப் பற்றவைத்துச் சாமிமுன் வைத்துவிட்டு, "போன வருஷம் கேட்டது இன்னும் வரல, இந்த வருஷமும் சுருட்டு மட்டும் வாங்கிக்கிட்டுப் போயிடாதே" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பூசாரியும் சிரிப்பார். யாருக்கும் மனம் புண்படவில்லை.

அதே முனியாண்டி, அதே சுருட்டும் சாராயமும். அப்புறம் உங்கள் குழுவில் மட்டும் ஏன் தீப்பிடித்தது? அப்பா சாமியிடம் பேசினார். சாமி எல்லைக்காவல், ராத்திரியில் குதிரை ஏறித் தோட்டத்தைச் சுற்றி வருகிறவர் என்று நம்பி, விடியுமுன் இருட்டில் பால் வெட்டப் போகும் மனைவியையும் அக்காவையும் அவர் காவலில் விட்டவர் அந்தக் கேலியைச் செய்தார். உங்கள் இளைஞர் சாமியைப் பற்றி 480 பேரிடம் பேசினார். அவர்களில் பாதிப்பேர் அந்தப் படையலில் நின்றதே இல்லை. சிலர் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகளில் பிறந்தவர்கள், சிலர் வேறு மதத்தவர்கள், சிலர் சிறுதெய்வ வழிபாடே அநாகரிகம் என்று நினைக்கிறவர்கள். அவர்கள் சிரித்தபோது பெரியவருக்குக் கேட்டது, "நீயும் உன் சாமியும் குடிகாரர்கள்" என்பதுதான். இளைஞர் அப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் படம் அவர் கையை விட்டு அந்த இடத்துக்குப் போய்விட்டது.

ஆகவே நகைச்சுவையின் வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டு இது தப்பா சரியா என்று ஆராய்ந்தால் முடிவு கிடைக்காது. அதைச் சொல்கிறவர் யார், சிரிக்கிறவர்கள் யார், சிரிப்புக்கு ஆளானவர் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா, அவரால் திருப்பிப் பேச முடியுமா என்று பாருங்கள். இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்வேன்.

2025 மார்ச் மாதத் தொடக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மலாய் வானொலியின் அறிவிப்பாளர்கள் "வேல் வேல்" என்று சொல்லிக் காவடி ஆட்டத்தைப் போல ஆடிச் சிரித்த காணொளி வெளியானது. பின்பு அதை நீக்கினார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், அவர்களைப் பணியிலிருந்தும் இடைநிறுத்தினார்கள். அன்று நமக்கு ஏன் அவ்வளவு வலித்தது? அந்தக் காணொளியில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. 48 நாள் விரதம் இருந்து, கால் வெந்து, பத்துமலையின் 272 படி ஏறிய பிள்ளையின் தாய் சொல்லும் "வேல் வேல்" அது. அந்த விரதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் கையில் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு அதைக் கூத்தாக்கினார்கள். நாம் திருப்பிப் பேச அந்த அறையில் இல்லை. அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்கும் அன்று அழுகை வந்தது.

ஆனால் அன்று இரவு எங்கள் குழுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காணொளி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பழிக்குப் பழியாக ஒருவர் அடுத்த மதத்தவரின் தொழுகையைக் கேலி செய்து ஒரு துணுக்கைப் போட்டார். முப்பது நாற்பது பேர் கைதட்டினார்கள். நான் அதை நீக்கிவிட்டு, "இன்று நமக்கு வலித்தது எதுவோ அதையே நாம் செய்யக்கூடாது" என்று எழுதினேன். "டீச்சர், அவங்க செஞ்சப்போ நீங்க எங்கே போனீங்க?" என்று கேட்டார்கள். மூன்று பேர் குழுவிலிருந்து விலகினார்கள். நான் செய்தது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இரவு வந்து என்னைத் திருத்தவில்லை. அதற்கு முன்பே ஒரு சாவு வீட்டில் நான் திருந்தியிருந்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என்னோடு ஆறாம் ஆண்டுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி. அவள் அப்பா நோயில் கிடந்த காலத்தில் அந்தக் குடும்பம் கிறிஸ்தவம் ஆனது. எங்கள் குழுவில் அவளும் இருந்தாள். அவள் அம்மா இறந்த செய்தி கேட்டுப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் பாஸ்டர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். எல்லாம் முடிந்து வாசல் பந்தலில் உட்கார்ந்தபோது, "குழுவில் உன்னைக் காணோமே, நம்பர் மாத்திட்டியா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து, சேமித்து வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினாள். கிறிஸ்துமஸ் நேரத்தில் எங்கள் குழுவில் ஒருவர் போட்ட துணுக்கு அது, அரிசி மூட்டைக்கு மதம் மாறியவர்கள் என்று. அதற்குக் கீழே பத்துப் பதினைந்து சிரிப்புப் பொம்மைகள். அவற்றுக்கும் கீழே நான் எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லிக் கைகூப்பியிருக்கிறேன். அந்தத் துணுக்கைப் படித்தேனா இல்லையா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. "எங்கம்மாவும் உங்கம்மாவும் ஒண்ணாத்தான் பெரட்டுக்குப் போனாங்க, ஒரே நிரையில பால் வெட்டினாங்க. அரிசி மூட்டை யார் வீட்டுல இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து குழுவின் பழைய பதிவுகளை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். அல்லேலூயா என்று கிண்டல் செய்தவை, முஸ்லிம்களின் நோன்பைப் பற்றிய துணுக்குகள், சீனர்களின் பேய்மாத வழிபாட்டைப் பற்றிய படங்கள். ஒன்றையும் நான் நீக்கவில்லை. யாரும் புகார் செய்யவில்லை, அதனால் யாருக்கும் புண்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நம் சாமியைப் பற்றி வந்தவற்றை மட்டும் அரை மணி நேரத்தில் நீக்கியிருக்கிறேன், நன்றி டீச்சர் என்று வாழ்த்தும் வாங்கியிருக்கிறேன்.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இது. உங்கள் குழுவில் முனியாண்டி படத்துக்கு எவ்வளவு கோபம் வந்ததோ, அவ்வளவு கோபம் "மதம் மாறிப் போனவன்" என்ற வார்த்தைக்கு வந்ததா? நீங்கள் படத்தை நீக்கினீர்கள். அந்த வார்த்தையை நீக்கினீர்களா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நானும் பல ஆண்டு அப்படித்தான் இருந்தேன். பெரும்பான்மை எங்கே கத்துகிறதோ அங்கே நம் கண் போகும். புண்பட்டவர்களில் சத்தம் போடுகிறவரை நாம் பார்ப்போம், சத்தமில்லாமல் போனவரைப் பார்க்க மாட்டோம். ஒரு நிர்வாகி நேர்மையாக இருக்கிறாரா என்று பார்க்க, தன் சாமியைக் காப்பாற்ற அவர் எடுத்த நடவடிக்கை போதாது. தன் ஆட்கள் அடுத்தவர் சாமியைச் சிரித்தபோது என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பெரியவரின் வலி பெரிதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சாமிக்கு ஒன்றும் ஆகாது, இதற்கெல்லாம் கோபப்படலாமா என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் அது மிகவும் தவறு. நம் தோட்டத்து மக்களுக்குக் கோயில் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவே முடியாது. 1950களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். அப்போது அமைச்சராக இருந்தவரும் எங்கள் ஊர்க்காரருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தொழிலாளிகள் தங்கள் சேமிப்பைக் கொண்டு தாங்களே தோட்டம் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். அதற்குப் பிறகும் பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. தொழிலாளிகள் குடியிருந்த லயம் போனது, பள்ளிக்கூடம் இடம் மாறியது. பல தோட்டங்களில் கடைசியாக மிஞ்சியது ஒரு கோயிலும் ஓர் அரசமரமும்தான், அந்த நிலத்துக்கும் பட்டா இருக்காது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவில் சீபீல்ட் தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடம் மாற்றும் பிரச்சினை கலவரமாகி, அதில் காயமடைந்த ஓர் இளம் தீயணைப்பு வீரர் டிசம்பர் 17ஆம் நாள் இறந்துபோனார். கோயில் என்ற சொல்லோடு எவ்வளவு வலியும் பயமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை அந்த நாட்களில் நாடே பார்த்தது. பெரியவர் அந்தப் படத்தில் ஒரு பீர் டின்னை மட்டும் பார்க்கவில்லை. அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான், அதையும் தன் பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் சிரிப்பாக்கிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

சரி, அப்படியானால் யாராவது புண்பட்டேன் என்றாலே நீக்கிவிட வேண்டுமா? கூடாது. இதிலும் எனக்கு உறுதி உண்டு. எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் திருவிழா முடிந்து ஒரு மாதம் ஆகியும் கணக்கு வரவில்லை. உபயப் பணம் எவ்வளவு வந்தது, அன்னதானத்துக்கு எவ்வளவு போனது என்று ஒரு பையன் குழுவில் கேட்டான். நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் அம்மன் காரியத்தில் கணக்குக் கேட்பது அம்மனைச் சந்தேகப்படுவது, பக்தர்கள் மனம் புண்படுகிறது, பதிவை நீக்குங்கள் என்றார். நீக்கியும்விட்டார்கள். புண்பட்டது என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம் கொடுத்தால் அதை முதலில் எடுத்துப் பயன்படுத்துவது பதவியில் இருப்பவர்கள்தான். அதேபோல, கடவுளே இல்லை என்று சொல்லும் தமிழர்களும் நம்மோடு எப்போதும் இருந்திருக்கிறார்கள். பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்துபோனார். அவருக்குப் பிறகு தோட்டங்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் உயிர்ப்பலியையும் அலகு குத்துவதையும் கடுமையாகக் கண்டித்தார்கள். படிப்பகம் நடத்தினார்கள், கள்ளுக்கடைக்கு எதிராகப் பேசினார்கள். என் அம்மா காவடிக்குப் போவார், என் மாமா கறுப்புச் சட்டை. ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள். மாமா அம்மாவிடம் நேருக்கு நேர் வாதாடுவார், அம்மா பதிலுக்குப் பதில் கொடுப்பார். ஆனால் அம்மா விளக்கேற்றும்போது அவர் பக்கத்தில் நின்று சிரித்ததில்லை. கருத்தை எதிர்ப்பதற்கும் ஆளைச் சிறுமைப்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் படித்தது அந்த வீட்டில்தான். ஆகவே மதத்தைப் பற்றிக் கேள்வி, விமர்சனம், கணக்கு, மறுப்பு எல்லாம் குழுவில் இருக்கலாம். குழுவில் இருக்கும் ஒருவரையோ அவர் வணங்குவதையோ கேலிப்பொருளாக்கி மற்றவர்களைச் சிரிக்கக் கூட்டுவது வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். குழுவில் சண்டை நடக்கும்போது குழுவிலேயே நியாயம் பேசாதீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் விறகுதான். செய்தி அனுப்பும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள், விடிந்ததும் திறந்துவிடலாம். நாங்கள் இப்போது சூடு அதிகமானால் இரவு பத்து மணிக்கே பூட்டிவிடுகிறோம். நீக்கும்போது சும்மா நீக்காதீர்கள், ஏனென்றால் நிர்வாகி நீக்கினார் என்று எல்லாருக்கும் அங்கே தெரியும். எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள், பெயர் சொல்லாமல். நீக்கிய படத்தை வேறொரு குழுவில் போட்டு "பாருங்கள் எப்படிச் செய்கிறார்கள்" என்று பரப்புகிறவர்கள்தான் பல நேரம் படத்தைப் போட்டவரைவிட அதிகச் சேதம் செய்கிறார்கள். உங்கள் குழுவில் அதைச் செய்தவர் யாராவது இருந்தால் அவரிடமும் பேச வேண்டும்.

இளைஞரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், எழுத வேண்டாம். நான் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். எழுத்தில் முறைத்துக்கொண்டு நின்ற பையன்கள் குரல் கேட்டதும், "டீச்சர், நான் அப்படி நினைக்கல" என்றுதான் தொடங்குவார்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்காமல், பெரியவருக்கு அந்தப் படம் என்னவாகப் பட்டது என்று சொல்லுங்கள். குழுவில் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எழுநூறு பேர் பார்க்க வாங்கிய மன்னிப்பு எதுவும் எங்கள் குழுவில் நிலைக்கவில்லை. பெரியவர் வீட்டுக்கு அவரை நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள். பழம் வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். பெரியவரைப் பேச விடுங்கள், முனியாண்டிக்கு ஏன் சுருட்டு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கும் அது தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம் கிறிஸ்தவ அண்ணன். அவரையும் தனியாகக் கூப்பிட்டு, உங்களைச் சொன்ன வார்த்தை குழுவில் இருக்கக்கூடாது, நீக்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லும் முன் உண்மையிலேயே நீக்கியிருக்க வேண்டும். அவர் போட்ட சிரிப்பைப் பற்றி அவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். அதே பொம்மையைப் போட்ட இந்துக்களிடம் நீங்கள் விளக்கம் கேட்கவில்லை.

நிர்வாகிகள் நீங்கள் இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே கோயில் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள். ஒருவர் வேறு மதத்தவராகவும் ஒருவர் பெண்ணாகவும் இருக்கட்டும். எங்கள் குழுவில் இப்போது நான்கு பேர். என் பள்ளித் தோழியும் அதில் ஒருத்தி. அவள் திரும்பி வர எட்டு மாதம் ஆனது. நாங்கள் நால்வரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. ஒருவர் தன் மதத்தைத் தானே கேலி செய்வதை அனுமதிக்கலாம் என்பது அவள் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஏனென்றால் உங்கள் இளைஞரும் தன் மதத்தைத்தான் கேலி செய்தார். ஆனால் அதையும் தடுத்தால், சுருட்டு வைத்துச் சாமியைக் கேலி செய்த உன் அப்பாவும் குழுவில் இருக்க முடியாதே என்று அவள் என்னைக் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அதனால் நாங்கள் அதற்கு விதி எழுதவில்லை, வரும்போது நால்வரும் பேசி முடிவு செய்கிறோம். ஒருவர் மனத்தில் என்ன நோக்கம் இருந்தது என்பதையும் நாங்கள் தீர்ப்பதில்லை. அது நம்மால் ஆகாத வேலை. நடந்ததையும் மறுபடி நடப்பதையும் மட்டும் பார்க்கிறோம். சொல்லியும் மூன்றாவது முறை செய்தால் ஒரு மாதம் வெளியே, அப்புறம் அவர் கேட்டால் உள்ளே. இது சின்னக் குழுவுக்குச் சரிப்பட்டு வருகிறது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் பெரிய பக்கத்துக்கு இதே முறை பொருந்துமா என்றால், பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். அங்கே வீட்டுக்குப் போய்ப் பழம் கொடுக்க முடியாது.

ஆக, படத்தை நீக்கியது சரி, அதோடு அந்த வார்த்தையையும் நீக்குங்கள். இளைஞரை வெளியேற்ற வேண்டாம். மதமே பேசக்கூடாது என்று விதி போட வேண்டாம். போட்டால் திருவிழா அழைப்பிதழையும் நீங்கள் நீக்க வேண்டி வரும், அதை ஒருவரும் ஏற்கமாட்டார்கள், அப்புறம் விதி நம் சாமிக்கு ஒன்று, அடுத்தவர் சாமிக்கு ஒன்று என்று ஆகிவிடும். திருவிழாவுக்கு நான்கு நாள் என்று எழுதியிருந்தீர்கள், இன்றைக்கு அது மூன்றாகியிருக்கும். நாளை மாலைக்குள் பெரியவர் வீட்டுக்குப் போய்விடுங்கள். காப்புக் கட்டிவிட்டார் என்றால் அவருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.